கியர் விழும்போது கரகரவென்று சத்தம்: கோளாறு கிளட்ச்சிலா, கியர் பெட்டியிலா?

பழைய மாஸ்ஸி ஃபெர்குசன் 35 டிராக்டரில் கிளட்ச்சை முழுக்க மிதித்தும் கியர் கரகரக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கியர் பெட்டியைத் திறக்க அவசரப்படாதீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டுக் கியர்களை மாற்றிப் பாருங்கள். எல்லாம் இலகுவாக விழுந்தால் பெட்டியின் மேல் சந்தேகம் குறைவு. மிதித்தும் கிளட்ச் எஞ்சினிலிருந்து முழுதாக விடுபடாமல் இருக்கலாம்.

அடுத்து, எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெடலை மிதித்து, பத்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தம் இல்லையென்றால் குறை வண்டியில் இல்லை. இது ஓட்டத்தில் கியர் மாற்றும் கார் அல்ல. நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். பொறுத்த பிறகும் கரகரத்தால், அல்லது மிதித்த நிலையிலேயே வண்டி நகர்ந்தால், பெடலைக் கையால் அழுத்தி அதன் தளர்வை, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரத்தை, பாருங்கள். தளர்வு மிகுந்தால் கிளட்ச் விடாது. தளர்வே இல்லாவிட்டால் வழுக்கும். பெடலையும் கிளட்ச்சையும் இணைக்கும் தண்டைச் சரிசெய்தாலே பல நேரம் தீர்ந்துவிடும்.

மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் சும்மா நின்ற வண்டியா? கிளட்ச் தட்டு துருப்பிடித்து ஃபிளைவீலோடு (எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரம்) ஒட்டியிருக்கலாம். கிளட்ச்சை எட்டுவதற்காக டிராக்டரை இரண்டாகப் பிரிக்கும் முன், எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, ஆளில்லாத திறந்த வயலில் கியரில் ஓட்டிக்கொண்டே, கிளட்ச் பெடலை மிதித்தபடி பிரேக்கை விட்டு விட்டுப் பலமுறை அழுத்திப் பாருங்கள். ‘டக்’ என்று விடுபடலாம்.

ஓடும்போது கியர் தானாகக் கழன்றால் மட்டும் கதை வேறு: பல் தேய்ந்திருக்கும், இல்லையேல் பூட்டும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அப்போது பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும்.