அம்மா ஊரில் பிரசவமா? பழைய பிக்மி எண்ணே செல்லும்

கேள்வி: திருப்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஏழாம் மாத வளைகாப்பு முடிந்ததும் தென்காசிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போகிறேன். இங்கே நர்ஸ் பதிந்து கொடுத்த பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) அங்கே செல்லுமா, புதிதாகப் பதிய வேண்டுமா?

பதில்: தாராளமாகச் செல்லும். ஒரு கர்ப்பத்துக்கு ஒரு எண்தான். தமிழ்நாட்டில் எங்கே பிரசவம் ஆனாலும் இதே எண்ணைச் சொல்லலாம். இரண்டாவது முறை பதிந்தால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகையிலும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழிலும் குழப்பம் வரும்.

ஆனால் எண் இருந்தால் மட்டும் போதாது. ஊர் மாறும்போதுதான் பல பெண்களுக்குக் கவனிப்பு விட்டுப்போகிறது. பழைய நர்ஸ் ‘ஊருக்குப் போய்விட்டார்’ என்று விட்டுவிடுவார். புதிய நர்ஸுக்கு நீங்கள் வந்ததே தெரியாது. அதனால் கிளம்பும் முன் திருப்பூர் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்த முதல் வாரமே அம்மா ஊரின் துணை சுகாதார நிலையத்துக்குப் போய், தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் காட்டுங்கள். அங்கன்வாடியிலும் பெயரைச் சொன்னால் சத்துமாவு அங்கேயே கிடைக்க வழி செய்வார்கள்.

இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள். அது மாத்திரையால் வருவது, ஆபத்தில்லை. டீ, காபியோடு போடாதீர்கள். கால்சியம் மாத்திரையையும் அதே வேளையில் சேர்க்காதீர்கள்.

குழந்தை பிறந்ததும் சேனை வைக்க (நாக்கில் இனிப்பு தடவ)ப் பெரியவர்கள் ஆசைப்படுவார்கள். அவர்கள் மனம் நோகாமல், ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ ஒரு சொட்டுகூட வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், அப்புறம் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தொப்புளில் எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை, பிறந்த நாளிலிருந்து 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் அட்டவணை. யாரும் வரவில்லையென்றால் சங்கடப்படாமல் நர்ஸுக்குப் போன் செய்யுங்கள். ஆறாவது வாரத் தடுப்பூசியை அம்மா ஊரிலேயே போடலாம். 10, 14ஆம் வாரத்தில் திருப்பூர் திரும்பியிருந்தால் அங்கே. அட்டை மட்டும் கையில் இருக்கட்டும்.

ரத்தப்போக்கு, கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், குழந்தையின் அசைவு குறைவது, நீர்க்குடம் உடைவது: இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.