சம்பங்கி எது, செண்பகம் எது? கேள்வி பதில்

கேள்வி: நர்சரியில் சம்பங்கி கேட்டால் ஒருவர் கிழங்கு தருகிறார், இன்னொருவர் மரக்கன்றை நீட்டுகிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவருமே சரி. மாலை கட்டும் வெள்ளைப் பூ நிலச்சம்பங்கி, கிழங்கிலிருந்து முளைப்பது. மஞ்சளாகப் பூக்கும் செண்பக மரத்தையும் சில ஊர்களில் சம்பங்கி என்பார்கள். பச்சை கலந்த மஞ்சளில் பூக்கும் கொடிச்சம்பங்கி வேறு. மூன்றும் தனித்தனிக் குடும்பம். அதனால் ‘நிலச்சம்பங்கிக் கிழங்கு’ என்றே கேளுங்கள். வடநாட்டு விதைக் கடை என்றால் ரஜனிகந்தா.

கேள்வி: நிலச்சம்பங்கி நம் ஊர்ப் பூதானே?

பதில்: சத்தியமங்கலம் பக்கம் வயல் வயலாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பூர்வீகம் மெக்சிகோ. வேலியோரம் நிற்கும் ஆனைக்கற்றாழைக்கு நெருங்கிய சொந்தம்.

கேள்வி: மாடித் தொட்டியில் இலை மட்டும் புல் மாதிரி அடர்ந்திருக்கிறது. பூவே இல்லை.

பதில்: முதலில் வெயிலைப் பாருங்கள். தினம் 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். அது சரியாக இருந்தால் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். குட்டிக் கிழங்குகள் நெருக்கியடித்துக் கிடக்கும். சுண்டைக்காய் அளவில் இருப்பவை இந்த வருடம் பூக்காது. 2.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் பருத்ததைப் பிரித்து, 5 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். யூரியாவை நிறுத்துங்கள், அது இலையைத்தான் வளர்க்கும். நட்டு மூன்று, நான்கு மாதத்தில் பூந்தண்டு எட்டிப்பார்க்கும். தண்ணீர் தேங்கினால் மட்டும் கிழங்கு அழுகிவிடும்.

கேள்வி: ஒற்றையா, அடுக்கா?

பதில்: என் ஓட்டு ஒற்றைக்கே. மணம் அதில்தான் தூக்கல். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த ‘பிரஜ்வல்’ ஒற்றை ரகம். மொட்டின் நுனியில் லேசான ரோஸ் நிறம் இருக்கும். ஜாடியில் வைக்க அடுக்கு ரகமான ‘சுவாசினி’ அழகு.

கேள்வி: ராத்திரி மணத்துக்குப் பாம்பு வருமாமே?

பதில்: வராது. இருட்டில் பறக்கும் ‘பருந்து அந்து’ என்ற பூச்சிகளை அழைக்கத்தான் அந்த மணம். பாம்பு தேடி வருவது எலியையும் தவளையையும். செடியடியில் குப்பை சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.