வராத வார்த்தை

கேள்வி: அம்மாவை இழந்த நண்பனுக்கு ஆறுதல் கடிதம் எழுத உட்கார்ந்தேன், வார்த்தையே வரவில்லை. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டேன். அரை நிமிடத்தில் என்னைவிட நன்றாக எழுதித் தந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன். படித்துவிட்டு அழுததாக நண்பன் சொன்னான். இனி மனிதனுக்கென்று என்னதான் மிச்சம்?

பதில்: பெரிய கேள்விதான். ஆனால் அதற்குள் சின்னதாக ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறீர்கள், அதற்கு அப்புறம் வருகிறேன்.

'இது மனிதனால் மட்டும்தான் முடியும்' என்று நாம் சொல்லிக்கொண்ட எதுவும் ரொம்ப நாள் நிலைத்ததில்லை. கருவி செய்பவன் மனிதன் ஒருவனே என்று மார்தட்டினோம். 1960-ல் தான்சானியாவின் கோம்பேயில் சிம்பன்சிகள் குச்சியில் இலைகளை உருவிப் போட்டுவிட்டு, அதைப் புற்றுக்குள் விட்டுக் கறையான் பிடிப்பதை ஆய்வாளர் ஜேன் குடால் பார்த்தார், போயிற்று. சதுரங்கம் என்றோம், 1997-ல் டீப் ப்ளூ கணினி உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது, அதுவும் போயிற்று. இப்போது கடிதம். திறமையை வைத்து வேலி போட்டால் வருஷா வருஷம் வேலியைத் தள்ளிப்போட வேண்டியதுதான்.

நண்பர் அழுதாரே என்கிறீர்கள். அதில் இயந்திரத்துக்கு என்ன பெருமை? 1966-ல் ஜோசப் வைசன்பாம் என்பவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் எலைசா என்றொரு கணினி நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்வதையே திருப்பிப் போட்டு நம்மிடம் கேள்வியாகக் கேட்கும், பெரும்பாலும் அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். அவர் அதை உருவாக்குவதை மாதக்கணக்கில் கூட இருந்து பார்த்த செயலாளரே, அதனுடன் கொஞ்ச நேரம் பேசியதும், அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். வெறும் நிரல் என்று தெரிந்தே! கேட்க ஒரு காது இருப்பதாகத் தோன்றினால் போதும், கொட்டிவிடுகிறோம். உங்கள் நண்பரும் இவன் நம்மை நினைத்து எழுதியிருக்கிறானே என்று அழுதிருக்கிறார், நடை அழகில் மயங்கி அல்ல. உண்மையில் வார்த்தை வராமல் நீங்கள் தவித்தீர்களே, அந்தத் தவிப்புதான் அவருக்குச் சேர வேண்டியது. அதை மட்டும் அனுப்பாமல் விட்டுவிட்டீர்கள்.

சரி, அந்தச் சின்ன விஷயம். கடிதத்தை எழுதியது யார் என்று அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். சொல்ல நினைத்தாலே முகம் சூடாகிறது, இல்லையா? உணர்ச்சியைக் காட்டும் வகைகளிலேயே மிகவும் மனிதத்தனமானது வெட்கத்தில் முகம் சிவப்பதுதான் என்று 1872-ல் டார்வின் எழுதினார். (நிறம் கொஞ்சம் கறுப்பென்றால் சிவப்பு வெளியே தெரியாது, காது மட்டும் சுடும்.) இயந்திரம் ஒரு நாளைக்கு ஆயிரம் முறை 'மன்னிக்கவும்' சொல்லும், யார் முகத்திலும் விழிக்க அதற்குக் கூசாது. உங்களுக்குக் கூசுகிறது. மிச்சம் கேட்டீர்களே, இதோ இருக்கிறது.

நண்பரை நேரில் போய்ப் பாருங்கள். பேச வரவில்லையா, சும்மா உட்கார்ந்திருங்கள். தயவுசெய்து இந்தப் பதிலை வெட்டி எடுத்துப் போய்ப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.