நாவலின் எந்தப் பகுதியை இணையத்தில் பகிரலாம்?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். சித்தூர் வட்டாரத் தென்னந்தோப்புகளில் கள் இறக்கும் குடும்பங்களைப் பற்றிய என் முதல் நாவல், அச்சிலும் கிண்டில் மின்னூலாகவும் வரவிருக்கிறது. சில பகுதிகளை இணையத்தில் பகிர்ந்தால் வாசகர்கள் கிடைப்பார்களா, விற்பனை குறையுமா?

பதில்: விற்பனை குறையும் என்று அஞ்ச வேண்டாம். பெயர் அறியாத எழுத்தாளரின் நூலை வாங்குமுன், அவருடைய நடையை ஒரு பக்கமாவது படித்துப் பார்க்கவே எவரும் விரும்புவர். எதைப் பகிர்வது என்பதில்தான் கவனம் வேண்டும். பலரும் முதல் அத்தியாயத்தையே வெளியிடுகின்றனர். ஆனால் நூலின் தொடக்கப் பக்கங்களைக் கிண்டிலே மாதிரியாக இலவசமாகக் காட்டிவிடுவதால், முன்கதை தெரியாமலேயே விளங்கக்கூடிய ஒரு முழுக் காட்சியை நூலின் நடுவிலிருந்து, ஆயிரம் சொற்களுக்கு மிகாமல், தேர்ந்தெடுப்பது நல்லது. தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை உள்ளது. உங்கள் ஊரிலோ அது உரிமம் பெற்ற தொழில். ஆகவே மாநில எல்லையிலுள்ள வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கும் வாசகருக்கு, பாளை சீவுவதில் தொடங்கிக் கள்ளை அளந்து கொடுப்பது வரையிலான ஒரு நாள் வேலையே புதிய உலகமாக இருக்கும். அத்தகைய காட்சி நாவலில் இருந்தால் தயங்காமல் அதையே எடுங்கள். மலையாளம் கலந்த உங்கள் ஊர்ப் பேச்சைப் பகிர்வுக்காகப் பொதுத்தமிழுக்கு மாற்ற வேண்டாம். அதுதான் உங்கள் நூலின் பலம்.

அளவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மின்னூலை, கிண்டிலை நடத்தும் அமேசானின் கேடிபி செலக்ட் என்னும் விருப்பத் திட்டத்தில் சேர்த்தால், 90 நாள் கொண்ட ஒவ்வொரு தவணையிலும் மின்வடிவம் அமேசானுக்கு மட்டுமே உரியதாகும். மற்ற தளங்களில் மாதிரியாக 10 சதவீதம் வரை மட்டும் வெளியிடலாம். நாவல் 40,000 சொற்கள் என்றால், எல்லா இடங்களிலும் சேர்த்து 4,000 சொற்களே எல்லை. அச்சுநூலுக்கு இக்கட்டுப்பாடு இல்லை என்றாலும், பதிப்பாளரின் எழுத்துபூர்வமான சம்மதத்தை முன்கூட்டியே பெறுங்கள். வேறெங்கும் வெளிவராத எழுத்தையே கேட்கும் சிற்றிதழ்களும் உள்ளன. அவற்றுக்கு அனுப்ப நினைக்கும் அத்தியாயத்தைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

பகுதியை யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்து வெளியிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருப்பதை மாற்றாமல் ஒட்டினால் வெறும் குறியீடுகளாகத் தெரியும். படமாகப் போட்டால் தேடலில் எளிதில் அகப்படாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால், நிலையான ஓரிடத்தில் பகுதியைப் பதித்து, அதன் இணைப்பை வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் அனுப்புங்கள். திருட்டைப் பற்றிய கவலைக்கு, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பதிவு செய்யாமலேயே உரிமை உங்களுடையது. கையெழுத்துப் பிரதியையும் தேதியுள்ள கோப்புகளையும் பாதுகாத்தால் போதும்.

நூல் விற்பனைக்கு வந்த பிறகே பகிருங்கள். படித்து முடித்தவுடன் வாங்க வழியில்லையெனில் பெரும்பாலோர் மறந்துவிடுவர் என்பதால், பகுதியின் கடைசி வரிக்குக் கீழேயே மின்னூல் இணைப்பும், அச்சுநூலின் விலையும், அதைப் பெறுவதற்கான பதிப்பக எண்ணும் இருக்கட்டும்.