ராக்கிக்கு 46 கிலோ

கேள்வி: எங்கள் சாக்லேட் நிற லேப்ரடார் ராக்கிக்கு ஏழு வயது. எடை 46 கிலோ. மூன்று மாதமாகப் படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்கவே சிரமப்படுகிறான். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், இடுப்பு மூட்டுக் கோளாறு, எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்கிறார். அப்பாதான் கேட்பதில்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா தவறிய பிறகு ராத்திரிச் சாப்பாட்டுக்கு ராக்கிதான் அவருக்குப் பேச்சுத்துணை. தன் தட்டிலிருந்தே ஊட்டிவிடுவார். நானும் மனைவியும் கடையைச் சாத்திவிட்டு வரப் பத்து மணி ஆகிவிடும். பிள்ளைகள் டிவி முன்னால் சாப்பிட்டுவிடுவார்கள். லேப்ரடார் எத்தனை வருடம் உயிரோடு இருக்கும்? சாக்லேட் நிறத்துக்கு ஆயுசு கம்மி என்கிறார்களே? அப்பாவின் மூட்டுவலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

- திருச்சி வாசகர்

பதில்: தம்பி, மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கொடுக்கவே கூடாது. நாம் போடுகிற டைக்ளோஃபினாக், இபுப்ரூஃபன் எல்லாம் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாய்க்கென்றே வலி மருந்து இருக்கிறது. எடை பார்த்து டாக்டர் எழுதித் தருவார்.

ஆயுசு பொதுவாகப் பத்திலிருந்து பன்னிரண்டு வருடம். நிறத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதும் பொய்யில்லை. பிரிட்டனில் 2018-இல் வெளியான ஆய்வில் மற்ற நிற லேப்ரடார்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதி நாய்கள் தாண்டிய வயது, 12.1 வருடம், சாக்லேட் நிறத்துக்கு 10.7. காதுப் புண்ணும் தோல் தொந்தரவும்கூட அதற்குத்தான் அதிகம். தொங்கு காது, நம் ஊர்ப் புழுக்கம் வேறு. வாரம் ஒருமுறை காதைத் தூக்கிப் பாருங்கள். நிறத்தை இனி நீங்கள் மாற்ற முடியாது. இடுப்புக் கோளாறும் பெரும்பாலும் பெற்ற நாய்களிடமிருந்து வருவதுதான். குட்டி வாங்கும்போது தாய் தகப்பனின் எக்ஸ்ரேயைக் கேட்டிருக்கவேண்டும். யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

உங்கள் கையில் இருப்பது எடை ஒன்றுதான். அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளை, ஒரே ஈற்றில் பிறந்தவற்றை ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகச் சாப்பாடு போட்டு, சாகும்வரை கவனித்தார்கள். 2002-இல் முடிவு வந்தது. அதிகம் தின்றவற்றில் பாதி 11.2 வயதுக்குள் போய்விட்டன. குறைவாகத் தின்றவற்றில் பாதி 13 வயதைத் தொட்டன. மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் மூன்று வருடம் தள்ளித்தான். ஆண் லேப்ரடார் 36 கிலோவைத் தாண்டக்கூடாது. உங்கள் ராக்கி அந்தக் கெட்டுப்போன இடுப்பின் மேல் பத்து கிலோ அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு நடக்கிறான்.

பாவம், பசிக்கிறது என்று அப்பா சொல்வார். 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த விஷயம்: ஏறக்குறைய நான்கில் ஒரு லேப்ரடாருக்கு மரபணுவில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது, அதற்குச் சாப்பாட்டு ஆசை மற்றவற்றைவிட அதிகம். அந்த முகத்தைப் பார்த்துப் போட ஆரம்பித்தால் முடிவே இல்லை.

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன். 'அப்பா கேட்பதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே, 'ராத்திரிச் சாப்பாட்டுக்கு ராக்கிதான் பேச்சுத்துணை' என்று போகிறபோக்கில் ஒரு வரி. வீட்டில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறீர்கள். அந்த மனிதர் வாய்விட்டுப் பேச ஒரு நாய்தான் கிடைத்திருக்கிறது. எதிரே உட்கார ஆளில்லாதவர், எதிரே உட்கார்ந்திருக்கிற ஒரே ஜீவனுக்கு ஒரு வாய் ஊட்டத்தான் செய்வார். அதைப் போய்ப் பிடிவாதம் என்று எனக்குப் புகார் எழுதுகிறீர்களா? மூன்று மாதமாக நாய் எழுந்திருக்கச் சிரமப்படுவது தெரிந்த உங்களுக்கு, அம்மா போனதிலிருந்து அப்பா தனியாகச் சாப்பிடுவது உறைக்கவில்லையா? கடையைச் சாத்த இரண்டு பேர் எதற்கு? ஒருவர் எட்டு மணிக்கு வீட்டில் இருக்கலாம். வியாபாரம் கொஞ்சம் குறையும், குறையட்டும். பிள்ளைகளை டிவி முன்னாலிருந்து எழுப்பித் தாத்தாவோடு உட்காரவைப்பதற்கு அதுகூடத் தேவையில்லை, நீங்கள் ஒரு சத்தம் போட்டாலே போதும்.

தட்டிலிருந்து ஊட்டுவது நின்றே ஆகவேண்டும். கொழுப்பு மட்டும் பிரச்சினை இல்லை. சாம்பாரில் கிடக்கும் வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கலாம். ஆனால் அப்பாவின் கையிலிருந்து நாயைப் பிடுங்கிவிட்டு அவரை மறுபடி தனியாக உட்காரவைத்தால், உங்களுக்குத் தெரியாமல் ஊட்டுவார். நானாக இருந்தாலும் ஊட்டுவேன்.

அதனால் ராக்கியின் சாப்பாட்டுப் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, சமையலறைத் தராசில் அவரே நிறுத்து, வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்காரும் முன்பே வைத்துவிடட்டும். பணிமனையில் அளவு பார்த்து வேலை செய்த கை, கிராம் கணக்குத் தப்பாது. ஊட்ட ஆசைப்பட்டால் நாலு துண்டு வெள்ளரிக்காய். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும், அவசரப்படவேண்டாம். டைல்ஸ் தரையில் கால் வழுக்காமல் அவன் நடக்கும் வழியெல்லாம் ரப்பர் விரிப்புப் போடுங்கள். விடியற்காலையில், தார் ரோடு சுடும் முன்பு, மெதுவாகக் கொஞ்ச தூரம் நடக்கட்டும். கயிற்றைப் பிடிக்கவேண்டியது நீங்கள். மூட்டுவலிக்காரரிடம் 46 கிலோ நாயைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

அடுத்த மாதம் எடை பார்க்கப் போகும்போது அப்பாவையும் கூட்டிப்போங்கள். எக்ஸ்ரேயை டாக்டர் அவரிடமே காட்டி விளக்கட்டும். நீங்கள் குறுக்கே பேசாமல் நில்லுங்கள்.