ரீலோட் அடிச்சு அடிச்சே ஒரே மெப்புல நிக்கிறன் அக்கா!

கேள்வி: அக்கா, நான் பாண்டிருப்பு. டீச்சரா இருக்கன், வயசு 26. அண்ணன் கட்டார் போகக்குள்ள விட்டுட்டுப் போன லப்டொப்புல த்ரோன்பிரேக்கர் எண்ட காட் கேம் விளையாடுறன். கதை சரியான விருப்பம். ஆனா ஒரு முடிவு எடுத்தா அடுத்த நிமிஷமே "அய்யோ பிழையா எடுத்துட்டனோ, ஆராவது கோவிச்சிட்டுப் போயிருவாங்களோ" எண்டு பயந்து ரீலோட் அடிச்சு, முந்தி சேமிச்சு வச்ச பழைய சேவுக்குத் திரும்பிப் போயிருவன். இப்பவும் ரெண்டாவது மெப், ஈடிர்ன்லயே கிடக்கன். அம்மா வேற "ராவுல கடதாசி விளையாடுற பொம்புளப் புள்ள எங்கயாவது இருக்கா, பாண்டவர் நாடிழந்ததே சூதாலதான்" எண்டு ஏசுறா. நான் என்ன செய்ய? இது முடிஞ்சா வேற என்ன விளையாடலாம்?
- ஒரு தங்கச்சி, பாண்டிருப்பு

பதில்:

தங்கச்சி, முதல்ல அந்த ரீலோட் அடிக்கிறத நிப்பாட்டுங்க. மத்ததெல்லாம் பொறகு கதைப்பம்.

ஏன் சொல்றன் எண்டா, நீங்க பிடிச்சிருக்கிற கேம் எப்பிடி வந்தது எண்டு பாருங்கா. போலந்துல இருக்கிற சிடி ப்ரொஜெக்ட் ரெட் ஆக்கள் 2015ல விட்சர் 3 எண்ட பெரிய கதைக் கேமை விட்டாங்க, அதுக்குள்ள ஊர் ஊரா ஆக்களோட இருந்து விளையாடுற க்வென்ட் எண்டு ஒரு சின்னக் காட் விளையாட்டு வச்சிருந்தாங்க, சனம் பெரிய கதைய அப்பிடியே போட்டுட்டு அந்தக் காட் விளையாட்டுலயே போய்க் கிடந்துச்சு, மறுகா அதையே தனியா எடுத்து, சண்டை முழுக்கக் காட் போட்டு நடக்கிற மாதிரி ஒரு முழுக் கதையும் போட்டு 2018 ஒக்டோபர்ல இறக்கினதுதான் த்ரோன்பிரேக்கர். முடிவு 20 விதமா வரலாம் எண்டு சொல்லித்தான் அவங்க வித்ததே. 20 முடிவு இருக்கிற கதையில "சரியான" ஒண்டத் தேடி நீங்க ஈடிர்ன்லயே குந்திக்கொண்டு இருந்தா மிச்ச மூணு மெப்பையும் ஆரு பாக்கிற?

இந்த வகைக் கேம்ட உயிர் எங்க இருக்கு எண்டு எனக்குப் பட்டத சொல்றன். சாதாரண கதைக் கேம்ல ஒரு தோழன் கோவிச்சிட்டுப் போனா என்ன நடக்கும், ரெண்டு வசனம் வரும், சோகமா ஒரு மியூசிக் போகும், நாமளும் "அடடா" எண்டுட்டு அடுத்த வேலையப் பாப்பம். இதுல அப்பிடி இல்ல கா. நீங்க நடத்துற மீவ் அரசிட தோழர் ஒவ்வொருத்தரும் உங்கட டெக்குல, அதாவது நீங்க சேத்து வச்சிருக்கிற காட் கட்டுல, ஒரு காட். அவருக்கு நீங்க செஞ்சது பிடிக்கல்ல எண்டா முகாமை விட்டுப் போயிருவார், போகக்குள்ள அவர்ர காட்டும் சேந்தே போயிரும். அடுத்த சண்டையில, இந்த இடத்துல அந்தக் காட்டைப் போட்டா வெண்டிரலாம் எண்டு கை தேடும், அது அங்க இருக்காது. அப்பதான் நாம எடுத்த முடிவுட பாரம் வெளங்கும். மீவுக்கு எப்பிடி ஒரு வீரன் குறைஞ்சிட்டானோ அப்பிடியே உங்களுக்கும் ஒண்டு குறைஞ்சிட்டு. கதையும் ஆட்டமும் ஒட்டுற இடம் இதுதான், இத எழுதினவன் கெட்டிக்காரன். நீங்க ரீலோட் அடிக்கக்குள்ள வெட்டி எறியிறதும் இதைத்தான்.

இன்னொண்டு, அவங்க வேணுமெண்டே ரெண்டு பக்கமும் கசக்கிற மாதிரித்தான் வச்சிருக்காங்க. மனிசருக்கும் எல்ஃப் எண்ட இன்னொரு இனத்து ஆக்களுக்கும் பகை, நில்ஃப்கார்ட் எண்ட எதிரி நாட்டுப் படை துரத்திக்கொண்டு வருது, கையில இருக்கிற காசும் மரமும் ஆளும் எண்ணி எடுக்கிற அளவுதான், இதுக்குள்ள ஏழை ஒருத்தனுக்கு இரங்கினா படைக்குக் காசு இல்ல, படையைப் பாத்தா ஏழைட வயித்துல அடி. படைட மனசு சோந்தா காட்டுட பலமும் இறங்கும். எல்லாரையும் சந்தோசமா வச்சிருக்கிற வழி எண்டு ஒண்டு அதுக்குள்ள இல்லவே இல்ல, நீங்க எத்தின தரம் திரும்பிப் போனாலும் கிடைக்கா.

அம்மா பாரதத்த இழுத்தது நல்லதாப் போச்சு. உங்கட ஊர்த் திரௌபதை அம்மன் கோயில்ல 18 நாளும் பாரதம் நடக்கிறத சின்ன வயசுல இருந்து பாத்து வளந்த புள்ள நீங்க. தருமர் நாட்டை வச்சு ஆடித் தோத்த கையோட பழைய சேவுக்குத் திரும்பிப் போய் "இல்ல மாமா, நான் ஆடல்ல" எண்டு சகுனிட்டச் சொல்லி இருந்தா வனவாசமும் இல்ல, தீமிதிப்பும் இல்ல, அந்தத் திருவிழாக் கடைத் தெருவும் இல்ல. தோத்தாத்தான் கதை நகரும்.

சண்டையில தோத்தா திரும்ப அடிங்க, அதுல ஒரு குத்தமும் இல்ல, கேமே அதுக்கு விடுது. முடிவெடுக்கிற இடத்துல மட்டும் திரும்பிப் பாக்காதீங்க. அதுக்கு டெக்கையும் கொஞ்சம் ரெடியா வச்சிருக்கணும். ஒரு தோழர்ர காட்டை நம்பியே முழு டெக்கையும் கட்டினா அவர் போன அண்டைக்கு நீங்க முடிஞ்சீங்க. ஆகக் குறைஞ்சது 25 காட் வேணும் எண்டு சொல்லுதா, அந்த 25லயே நில்லுங்க, வடிவா இருக்கு எண்டு கண்டதையும் சேக்காதீங்க, டெக் தடிக்கத் தடிக்க உங்களுக்குத் தேவையான காட் கைக்கு வாறது குறையும். புதிர்ச் சண்டைகள் வரும் பாருங்க, அதுக்குக் காட்டை அவங்களே தருவாங்க, அங்க ஆரு போனாலும் வந்தாலும் உங்களுக்குப் பாதிப்பு இல்ல, ஆறுதலா இருந்து யோசிச்சு அடிக்கலாம்.

மூணு சுத்துல ரெண்டு வெல்லுற சண்டையில முதல் சுத்துக்கே எல்லாத்தையும் கொட்டாதீங்க. முன்னூத்திநாலு எண்ட கடதாசி விளையாட்டு விளையாடத் தெரியுமா உங்களுக்கு? தெரியாட்டி அப்பாட்டக் கேளுங்க. துரும்புல இருக்கிற ஜேக்கை, 30 புள்ளி காட்டை, எடுத்த எடுப்புல போட்டு முடிச்சா மிச்சப் பிடிக்கு என்ன செய்ற? இதுவும் அந்தக் கணக்குத்தான், எதிரி முதல் சுத்துல நல்ல காட்டை எல்லாம் போட்டு முடிக்கட்டும், நீங்க பாஸ் எண்டு சொல்லிட்டு இருங்க, ரெண்டாவது மூணாவதுல அவன்ட கையில ஒண்டும் மிஞ்சி இருக்காது. கதைதான் வேணும், சண்டை அலுக்குது எண்டா கஷ்டத்தை ஆகக் கீழ் அளவுல வச்சா சண்டையத் தாண்டிப் போகவே விடும், வெக்கப்பட ஒண்டுமில்ல.

இனி அம்மா. செத்த வீட்டுல ராவு முழுக்க முழிச்சிருக்க ஆம்பிளைகள் கடதாசி போட்டா அது ஊர் வழக்கம், புள்ள ரூமுக்குள்ள தனிய விளையாடினாச் சூதா எண்டு எனக்கும் கேக்க ஆசதான், ஆனா அம்மாட்ட இப்பிடிக் கேட்டுராதீங்க. ஒரு நாள் பக்கத்துல இருத்தி, மகன்காரன் காலை வாரின மீவுட கதைய வாயால சொல்லிக்கொண்டே விளையாடிக் காட்டுங்க. பெத்த புள்ள தாய்க்குச் செஞ்ச துரோகம் எண்டா நம்மட அம்மாமார் எழும்ப மாட்டாங்க. சூது எண்டா பணயம் வைக்கணும், இதுல நீங்க ஒருக்காக் காசு குடுத்து வாங்கினதோட சரி, காட் எல்லாம் கதைக்குள்ளயே கிடைக்குது, இல்லாட்டி முகாமுல செஞ்சு எடுக்கிற.

ஆனா அம்மாட பயம் முழுக்கப் பொய் எண்டும் சொல்ல மாட்டன். காட் கேம்ல இன்னொரு சாதி இருக்கு, ஹார்த்ஸ்டோன் மாதிரி, 2014ல இருந்து ஓடுது, அதுல காட் வாறது மூடின பெக்கட்டுல, உள்ள என்ன இருக்கு எண்டு தெரியாமத்தான் திறக்கணும், நிசக் காசு குடுத்தும் வாங்கலாம். காசைக் குடுத்துட்டு அதிர்ஷ்டத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிற இந்த மாதிரிப் பெட்டிகளை பெல்ஜியத்துல 2018ல சூதாட்டச் சட்டத்துக்குள்ளயே போட்டுட்டாங்க. உங்கட வகுப்புப் புள்ளைகள்ட போன்ல கிடக்கிறது கனக்க இந்தச் சாதியாத்தான் இருக்கும், டீச்சர் எண்டபடியா ஒருக்கா விசாரிச்சுப் பாருங்க. ராவு முழிக்கிறதுல அம்மா பக்கம்தான் நான். அடுத்த நாள் முதலாம் பாடத்துல கொட்டாவி விட்டா புள்ளைகள் சும்மா விடாதுகள்.

அடுத்தது என்ன எண்டு கேட்டிருந்தீங்க. உங்களுக்கு நான் முதல்ல சொல்றது கிரிஃப்ட்லாண்ட்ஸ், 2021ல முழுசா வந்தது. அதுல டெக் ரெண்டு, ஒண்டு அடிபுடிக்கு, மத்தது கதைச்சுச் சமாளிக்கிறதுக்கு. ஒருத்தன்ட கடனை விட்டுத் தா எண்டு கேக்கிறதும், வாயால வெருட்டுறதும், நைசா நெளிஞ்சு போறதும் எல்லாம் காட் போட்டுத்தான். வாய்க்காரியா இருந்தா கத்தி எடுக்காமயே கனக்க தூரம் போகலாம். ஒருத்தனக் கொலை செஞ்சா அவன்ட ஆக்கள் உங்களை வெறுப்பாங்க, மெத்த வெறுத்தா அதுக்கு ஒரு தீமை வந்து உங்கட தலையில ஏறும், விரும்பினா நன்மை வரும். அதோட கனக்க நேரம் செத்தா ஆட்டம் முதல்ல இருந்துதான், பிடிக்காத முடிவைத் திருத்துவம் எண்டு பின்னால ஓடுற வேலை லேசில நடவா, உங்கட வருத்தத்துக்கு இதுதான் மருந்து.

ஸ்டீம்வேர்ல்ட் குவெஸ்ட் 2019ல வந்தது, பகிடியான கதை, மூணு பேர், ஆளுக்கு 8 காட், அவ்வளவுதான் டெக். சின்ன மருமக்களோட இருந்தும் விளையாடலாம். ஸ்லே த ஸ்பயர் ஆட்டத்துல ராசா, பழைய லப்டொப்புலயும் ஓடும், ஆனா கதை தேடிப் போகாதீங்க, இருக்காது. வாய்ஸ் ஒஃப் காட்ஸ் எண்டு ஒண்டு இருக்கு, ஊரு, காடு, ஆக்கள், வீடு எல்லாமே மேசையில விரிச்ச கடதாசியாத் தெரியும், கதையை ஒரே ஒருத்தர்தான் சொல்லிக்கொண்டே போவார், கேக்க நல்லா இருக்கும், ஆனா த்ரோன்பிரேக்கர் மாதிரி டெக் கட்டுற வேலை அதுல இல்ல, பேரைப் பாத்து ஏமாறிப் போயிராதீங்க.

இன்ஸ்கிரிப்ஷனும் நல்ல கேம்தான், 2021. ஆனா இருட்டுக் குடில், எதிர இருக்கிறவன்ட கண்ணு மட்டும்தான் தெரியும், அணில் காட்டைப் பலி குடுத்து ரத்தத்துக்குத்தான் ஓநாயை இறக்கணும். அம்மா "இது சூது இல்ல" எண்டு ஒரு மாதிரி ஏத்துக்கொண்ட கிழமையிலயே அதைத் திறந்து வச்சிராதீங்க தங்கச்சி.