மான் பாத்த பார்வை

கேள்வி: அப்பா போனதுல இருந்து மனசு மரத்துப்போய் கிடந்துச்சு சார். போன வாரம் காட்டுப் பாதையில ஒரு மான் என்னையே பாத்துட்டு நின்னுச்சு, நானும் அசையல, அப்புறம் ஏனோ அழுதுட்டேன். இது பைத்தியக்காரத்தனமா?

பதில்: அட, இல்லீங்க. மான் ஆறுதல் சொல்ல வரல, ஓடலாமா வேணாமான்னு கணக்கு போட்டுட்டு இருந்திருக்கும், ஆனா அந்த நேரம் உங்க மனசு துக்கத்தை விட்டு வெளிய வந்துச்சு பாருங்க, அடைச்சு வெச்ச அழுகைக்கு அங்கதான் வழி கிடைச்சிருக்கு. 1984ல ரோஜர் உல்ரிச்னு ஒரு ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆய்வுல, பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்கள்ல ஜன்னல் வழியா மரம் தெரிஞ்சவங்க, செங்கல் சுவரைப் பாத்துட்டு கிடந்தவங்களை விட சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க. வெறும் மரத்துக்கே இப்படி! தூக்கமே வரலைன்னா டாக்டரையும் பாருங்க. மறுபடி போனா கிட்டப் போகாதீங்க, தீனி போடாதீங்க, செல்போன் பையிலயே இருக்கட்டும்.